மீரான் அண்ணாச்சியின் தலைப்பாடம்

“ஏலே, கழுத்தைச் சாய்க்காதலே! யெஸ்ஸுன்னா மேலும் கீழும். பக்கவாட்டுல போச்சுன்னா அவனுக்கு அது நோ!”

ஐந்தருவி இரைச்சலுக்கு மேலே கத்துகிறார் முகம்மது மீரான். கைலி, பனியன், அதன்மேல் ஒரு டை. அருவிக்கடியில் கோட்டுப் போட்டு நனைகிறவர்கள் எல்லாம் பட்டதாரிகள். அமெரிக்காவில் மேற்படிப்புப் படித்து அங்கேயே உத்தியோகம் பார்க்க நினைப்பவர்கள். தலையைச் சாய்த்தால் காதுக்குள் தண்ணீர் அறையும். சாய்க்காமல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

பினாங்கில் வெள்ளைக்காரக் கம்பெனி வாசலில் காவல் நின்றவர் மீரான். “வேலைக்கு வாரியான்னு தொர கேப்பான். நம்ம பய சந்தோசத்துல தலையச் சாய்ப்பான். வேண்டாங்கான் போலன்னு தொர அனுப்பிருவான்” என்பார். ஊர் வந்தும் அந்தக் கவலை அவரை விடவில்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் குற்றாலத்தில் என் கையால் சம்பாதித்துக் கட்டிய பங்களாவில்தான் துரைமார் வந்து தங்குகிறார்கள். வடகரை இசக்கியப்பன் சமாச்சாரம் நடந்ததும் அங்கேதான்.

அமெரிக்காவில் படிப்பை முடித்து, கைக்கு வந்த வேலையைத் தலையைச் சாய்த்தே தொலைத்துவிட்டு வந்தவன் அவன். அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி அந்தத் தேசத்துக்குப் போக வழியில்லை. நல்லகாலம், அந்த வேலையைக் கொடுக்க இருந்த கம்பெனித் துரையே குற்றாலச் சீசனுக்கு என் பங்களாவில் வந்து தங்கினார். இன்னொரு தடவை பேசிப் பார்க்கச் சம்மதித்தார். துணைக்கு மீரானும் வந்து உட்கார்ந்தார்.

துரை கேட்டதற்கெல்லாம் இசக்கியப்பன் கோழி கொத்துகிற மாதிரி மேலும் கீழும் ஆட்டினான். கடைசியில், வேலை தனக்குத்தானா என்று இங்கிலீஷில் கேட்டான்.

துரை சிரித்தார். தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்த்தார்.

இசக்கியப்பன் மீரான் பக்கம் திரும்பினான். “போச்சு அண்ணாச்சி! நோங்காரு!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்த நாள்முதல் என் சமையற்காரன் மாடன், “இன்னொரு தோசை வைக்கட்டா தொரை?” என்று கேட்கக் கேட்க, அவனைப் பார்த்தே அப்படிச் சாய்க்கப் பழகியிருந்தார் மனுஷர். என் பங்களாத் தோசை அப்படி!

“நோ இல்லலே, தொர நம்ம ஊர் யெஸ்ஸு சொல்லுதாரு” என்றேன்.

மீரான் என்னை நம்பவில்லை. எழுந்து போனார். துரையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக, மேலும் கீழுமாக ஆட்டினார்.