அரை மணியில் நழுவிய கிறிஸ்துமஸ்

இன்று சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் வரிசையில் எனக்கு முன்னால் ஸ்டெல்லா என்பவர் நின்றார். அவர் கண் அறுவை சிகிச்சைக்குப் பதிய இன்றே கடைசி நாள்.

“ஐசியில டிசம்பர் 25, 1970. ஸ்கிரீன்ல 24, ராத்திரி பதினொன்றரை. ஒத்து வரலக்கா,” என்றார் கவுண்டர் பெண், அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டி.

“கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பொறந்தவ லா நான்! எங்க தோட்டத்து ஜனங்க யாரையும் கேளு.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1982 பிறந்தபோது நாட்டின் எங்கள் தீபகற்பப் பகுதியே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. நான் அப்போது இளம் நிருபர்.

“எண்பத்திரண்டுக்கு அப்புறம் பொறந்தவங்களப் பாரும்மா,” என்றேன்.

அவர்கள் தேதி சரி. பிறந்த நாள் எல்லாம் இன்றைய நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டு என்று பதிவாகியிருக்க, முந்தையவர்களை மட்டும் திரை அரை மணி பிந்திய பழைய நேரத்தில் காட்டியது. கவுண்டர் பெண் இன்றைய நேரத்துக்கு மாற்றியதும் 25 வந்தது. ஸ்டெல்லாவின் பெயரும் பதிவானது.

எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர்களே, உங்களில் எத்தனை பேரைக் கணினி முந்தின நாளே பெற்றுவிட்டது?