பஞ்சு நாறியதன் காரணம்

நாய் குளிப்பாட்டுவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று மாமியார் மூக்கைச் சுளித்தபோது, "நாய்ங்களாவது குளிப்பாட்டி விட்டா வாலை ஆட்டுதுங்க அத்தை. இந்த வீட்ல வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டும் ஒருத்தர் தலைகூட ஆட்டுறதில்ல" என்று சொல்லி வாயடைத்தவள் அவள். அன்றிலிருந்து மாமியார் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மகன், அதாவது அவள் கணவன், மட்டும் சாப்பிட்டு முடித்ததும் நாலு பேர் பார்க்கத் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போவான்.

கிளினிக்கில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர். கேலியாக ஆரம்பித்து மரியாதையாக நிலைத்துவிட்ட பெயர். அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருந்தாள். மூட்டை மூட்டையாக வந்து விழும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற வேலை. ஒருநாள் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கறை ஒன்றும் பெரிதாக இல்லை. வாடைதான் சரியில்லை. அதைச் சுருட்டிக்கொண்டு மாடியேறி, "இந்த விரிப்பு வந்த கட்டில்ல படுத்திருக்கிறவங்க முதுகைத் திருப்பிப் பாருங்கம்மா" என்று தலைமை நர்ஸிடம் நின்றாள். சலவைக்காரிக்கு வந்த திமிரைப் பார் என்று நினைத்தாலும் நர்ஸ் திருப்பிப் பார்த்தார். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். அன்றோடு அவள் மூக்குக்கு ஒரு பேச்சு உண்டாயிற்று. பிறகு சலவை வேலை வெளி ஆட்களிடம் போனது. அவள் கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக்கில், பின்னறையில் நாய் குளிப்பாட்ட வந்து சேர்ந்தாள்.

இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி, வழுக்காமலிருக்க அதில் ரப்பர் விரிப்பு, முடி உலர்த்தும் இயந்திரம் இரண்டு, சீப்புகள் மாட்டிய ஒரு பலகை. இதுதான் அவள் ராஜ்யம். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே பல்லவியைத்தான் பாடுவார்கள். வாரத்துக்கு மூணு தடவை குளிப்பாட்டுறோம், அப்பவும் நாறுது.

"அதனாலதான் நாறுது" என்பாள் அவள். "நாம போடுற சோப்பு அதுக்கு ஆகாது. தோல் காஞ்சு, அரிச்சு, புண்ணாகும். அப்புறம் ஈரத்தோட விட்டுடுறீங்க. அடிமுடி காயாத நாயும் புழியாத துணியும் ஒண்ணு. குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி எங்கேர்ந்து நாறுதுன்னு பாருங்க. காதா, வாயா, விரலிடுக்கா, பின்பக்கமா? அது படுக்கிற துணிய துவைச்சு எத்தனை நாளாச்சு?"

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அநேகமாக எல்லோரும் தலையைக் குனிவார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் கணக்கு டீச்சர் வந்தார். தனியாக அடுக்குமாடி வீடொன்றில் இருப்பவர். கூடவே வெள்ளை வெளேரென்று அடர்ந்த முடியோடு பஞ்சு. பத்து மாதக் குட்டி. நெஞ்சோடு சேர்த்து மாட்டும் பட்டையைப் போட்டு, கூச்சத்தோடு பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஏழு மாசத்துக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிட்டு வந்தேன் அக்கா, ஞாபகம் இருக்கா? வாங்கின புதுசுல. இப்ப ரெண்டு மாசமா தாங்க முடியல. கீழ் வீட்டுக்காரங்க லிஃப்ட்ல என்கூட ஏற மாட்டேங்கிறாங்க. நேத்து கதவுல சீட்டு ஒட்டிட்டாங்க." பஞ்சுவை மேசைமேல் தூக்கி வைத்தார். "தினம் குளிப்பாட்டுறேன். பவுடர் போடுறேன். செண்ட்டுகூட அடிச்சுப் பார்த்துட்டேன்."

மல்லிகை வாசனையும் அதற்கடியில் இன்னொன்றும் சேர்ந்து அவள் மூக்கில் ஏறின. அந்த இன்னொன்று அவளுக்குத் தெரிந்த வாடை. எங்கே, எப்போது என்று சட்டென்று பிடிபடவில்லை.

காதைப் புரட்டினாள். சுத்தம். வாயைத் திறந்தாள். பால்பல் விழுந்து முளைத்த புதுப் பற்கள், பளிச்சென்று இருந்தன. பாதம், வாலடி, வயிற்று மடிப்பு, எங்கும் ஒன்றுமில்லை. கழுத்துப் பக்கம் கை போனதும் பஞ்சு உடம்பைச் சுருக்கிக்கொண்டு மேசையோடு மேசையாக ஒட்டியது. கடிக்கவில்லை, உறுமவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

"இவன் எப்பவும் இப்படித்தானா?"

"கழுத்தைத் தொட்டா பிடிக்காது. கூச்சம்னு நினைச்சேன்."

அவள் முடியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக வகிர்ந்தாள். மேல்முடி வெள்ளை. உள்ளே பழுப்பு. அதற்கும் உள்ளே முடியெல்லாம் பிசுபிசுவென்று கூழாக ஒட்டிக் கிடந்தது. கத்தரிக்கோலால் நுனி நுனியாக வெட்டி விலக்கினாள். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. கோடல்ல, பிளவு. சதை இரண்டு உதடாகப் பிரிந்து, நடுவில் சீழ் நின்றிருந்தது. சலவைக்கூடத்தில் அன்று அந்த விரிப்பில் வந்த அதே வாடை. அதற்குள்ளே, வெகு ஆழத்தில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். ரத்தமில்லை. அதற்குப் பின்னல் இருந்தது. நூல்.

கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்து கணீரென்றது. "டாக்டரம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்னறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நூல்…" என்றார். "வாங்கும்போது கழுத்துல ஒரு சிவப்பு நூல் இருந்துச்சு. அஞ்சு குட்டியும் ஒரே மாதிரி இருக்குன்னு அடையாளத்துக்கு ஆளுக்கொரு கலர் கட்டியிருந்தாங்க. அப்புறம் ஒருநாள் பார்த்தா காணல. எங்கயோ அறுந்து விழுந்துடுச்சுன்னு… அக்கா, நான் அறுந்து விழுந்துடுச்சுன்னு நினைச்சேன்."

குட்டி வளர்ந்தது. நூல் வளரவில்லை. மாதக்கணக்காக அது கழுத்தை அறுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறது. மேலே அழகாக முடி மூடிக்கொண்டது. தினம் நுரைக்க நுரைக்கத் தேய்த்த கையும் பூசிய செண்ட்டும் அந்தப் புண்ணின் மேல்தான் பட்டிருக்கின்றன.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, நூலை வெட்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வெளிப்பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் இதே குட்டியை அவள் குளிப்பாட்டினாள். கழுத்தில் சிவப்பு நூலைப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தால் ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலையும் எடுத்தாள். அந்த நேரம் வண்டியில் அடிபட்ட நாய் ஒன்று வந்தது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று டாக்டரம்மா கூப்பிட்டார். திரும்பி வந்தபோது டீச்சர் பள்ளிக்கு நேரமாகிறது என்று நின்றார். குட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்தே போனாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பக்கத்தில் டீச்சர், "நான்தானே… நான்தானே" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்?

"டீச்சர், அந்த நூலை நான் பார்த்தேன்."

"எப்போ?"

"முதல் தடவை வந்தப்போ. இறுக்கமாத்தான் இருந்துச்சு. வெட்டணும்னு கத்தரிக்கோல் எடுத்தேன். நடுவுல கூப்பிட்டாங்க, போயிட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்ததைப் பார்த்து மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். "நீ பார்த்தும் விட்டுட்டியா?" என்று வாயில் கைவைத்தார். அடுத்த நிமிடம் தட்டை மறுபடி முன்னால் இழுத்து வைத்தார். "சாப்பிடு. பட்டினி கிடந்தா நூல் அறுந்துடுமா? மொத்தம் அஞ்சு குட்டின்னு சொன்னியே, மத்த நாலு கழுத்துல என்ன இருக்கோ?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

விடிந்ததும் டாக்டரம்மாவிடம் டீச்சரின் போன் நம்பரை வாங்கி அவரை அழைத்தாள். "குட்டி கொடுத்தவங்க நம்பர் இருக்கு, கேக்குறேன்" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் டீச்சரே கிளினிக்குக்கு வந்துவிட்டார். மூன்று வீடுகளில் முதல் வாரமே நூலைக் கழற்றிவிட்டார்களாம். நாலாவது வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை. முகவரி இருந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். டீச்சர் கைப்பையை நடுவில் வைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர் மரவேலை செய்கிறவர். கையில் உளியோடு வந்து கதவைத் திறந்தார்.

"நாயா? பின்னாடி கட்டிப் போட்டிருக்கு. ஒரே நாத்தம், பிள்ளைங்க கிட்ட போக மாட்டேங்குதுங்க. நாய்னா நாறத்தானே செய்யும்?"

"நாறாதுங்க" என்றாள் அவள். "நோவில்லாத நாய் இப்படி நாறாது. ஒரு தடவை பார்க்கலாமா?"

கொல்லையில் பலகை அடுக்குக்குப் பக்கத்தில் பஞ்சுவின் அச்சாக ஒன்று படுத்திருந்தது. கயிற்றை இடுப்பில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் கட்டினால் கத்துகிறதாம். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் கழுத்து முடியை விலக்கினாள். இந்தத் தடவை நீல நூல். பஞ்சுவின் அளவுக்கு ஆழமில்லை, ஆனால் ஒரு பக்கம் முழுக்கத் தோலுக்குள் போயிருந்தது.

"இங்க வந்து பாருங்க" என்றாள்.

மரவேலைக்காரர் குனிந்து பார்த்தார். உளியைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு அப்படியே மரத்தூளில் உட்கார்ந்தது. "அய்யோ, அடிச்சேனே" என்றார். "நாறுதுன்னு இதை நான் அடிச்சேனே."

டீச்சர்தான் முதலில் அசைந்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து நாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவர் கண் அவளைத் தேடியது.

"வெட்டுங்க அக்கா."

"இங்க வேண்டாம் டீச்சர், உள்ள ஒட்டியிருக்கு. டாக்டரம்மாதான் எடுக்கணும். ஒரு வண்டி பிடிங்க."

மரவேலைக்காரர் எழுந்து தெருவுக்கு ஓடினார்.

வண்டியில் நாய் இருவர் மடியிலுமாகப் படுத்து வந்தது. பாதி வழியில் டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. என்னையே இன்னும் மன்னிக்கல. ஆனா பஞ்சுவுக்குத் தையல் பிரிச்சதும் உங்ககிட்டதான் குளிப்பாட்டக் கொண்டு வருவேன். நேத்து அதைச் சொல்லாம நீங்க மறைச்சிருக்கலாம். மறைக்கல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நாய் வலியில் முனகியபோதெல்லாம் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் அதன் முதுகைத் தடவின.