அலுமாரிக்குள் பூட்டிய குளிசைகள்

என் இளைய மகளுக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி, யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுக்க நாள் குறித்தார்கள். வெட்டிய பிறகு எங்கே வந்து படுக்கப்போகிறாய் என்று கேட்டேன். நாரந்தனையில் என் வீடு இருக்கிறது. அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கிணறும் கிட்ட.

"சுருவிலுக்குப் போறன் அம்மா, மச்சாள் வீட்ட. அவவும் தனியத்தானே இருக்கிறா."

மச்சாள் என்றது அவளுடைய புருசனின் தமக்கையை. பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது வெட்டுக்காயத்தோடு புருசன் பக்கத்து ஆட்களின் வீட்டுக்குப் போய்ப் படுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி. ஏன் என்று அவளைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதைத்தான் இந்தக் கொப்பியில் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆறுதலாக, மெல்ல மெல்லச் சொல்கிறேன்.

நான் நோவுக்கு வாய் திறக்காதவள். நாலு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றேன். பக்கத்து வளவுக்குப் பிள்ளையின் சத்தம்தான் கேட்டது, என்னுடைய சத்தம் கேட்கவில்லை. ஒருமுறை தோட்டத்தில் மண்வெட்டி காலில் இறங்கியது. சீலைத்துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மிச்ச வெங்காயத்தையும் கிண்டிவிட்டுத்தான் வந்தேன். என் கணவர் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் குளிரும். நோவைத் தாங்குவது என் வளர்ப்பு, என் மனத்திடம், என் குடும்பத்தின் மானம் என்று நம்பியிருந்தேன்.

மூத்தவள் என்னைப் போல. இப்போது கனடாவில் இருக்கிறாள். இளையவள் பிறந்ததிலிருந்தே வேறு மாதிரி. தலை இழுக்கும்போது சீப்பு ஒரு சிக்கில் பட்டால் போதும், கண் நிறைந்துவிடும். ஊசி போடுகிற நாளில் விடியமுதலே உடம்பு நடுங்கும். "கள்ளி, நடிக்கிறாய்" என்பேன். அது என் வாயில் அவளுக்கு இன்னொரு பெயர் போலவே ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு பிள்ளை. வயிறு வெட்டித்தான் எடுத்தார்கள். பிள்ளை பெற்றவள் தாயின் கையில் என்பது எங்கள் முறை. துடக்குக் கழிகிற முப்பத்தொரு நாளும் அவள் என்ன தின்பது, எப்போது குளிப்பது, யார் வந்து பார்ப்பது எல்லாம் தாய் சொன்னபடிதான். மல்லி, மிளகு, உள்ளி அரைத்துச் சரக்குக்கறி வைப்பதில் என்னிடம் ஒருவரும் பிழை பிடிக்க ஏலாது. அதையெல்லாம் குறைவில்லாமல் செய்தேன்.

ஆசுப்பத்திரியில் நோவுக்குக் கொடுத்துவிட்ட குளிசைகளும் என் கையில்தான் வந்தன. மூன்று வேளையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அது உடம்புக்குச் சூடு, பாலில் இறங்கினால் பிள்ளை மயங்கிக் கிடக்கும், கேட்கக் கேட்கக் கொடுத்தால் அவளுக்குப் பழகிவிடும். இப்படி நானே முடிவெடுத்தேன், ஒருவரையும் கேட்கவில்லை. உறையோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன், திறப்பை இடுப்பில் சொருகினேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் கொடுத்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

"அம்மா, ஏலாமக் கிடக்கு. ஒண்டு தாங்கோ அம்மா."

"மத்தியானம் தந்தனான்தானே."

"அதின்ர வேகம் எப்பவோ விட்டிட்டுது. உங்களைக் கும்பிட்டன் அம்மா."

"உலகத்தில நீ ஒருத்திதான் பிள்ளை பெத்தனியோ? கத்தாதை, றோட்டால சனம் போகுது."

அவள் கத்தினாள். நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

இதோடு நின்றிருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பியிருப்பேன். பிள்ளை பார்க்க ஊர்ப் பெண்கள் வந்தார்கள். முன் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். பக்கத்து வளவுக்காரி, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அக்கா, உங்கட வயித்தில பிறந்ததோ அது? கத்தினது எங்கட குசினி வரைக்கும் கேட்டது. எப்பிடிக் கத்தினவள், ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்."

நான் செய்து காட்டினேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மேலே சொருகி, "அம்மோய்... அம்மோய்..." என்று அவளுடைய குரலிலேயே இழுத்தேன். எனக்கு அது நன்றாக வந்தது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்திக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அவர்கள் இன்னொருமுறை கேட்க, இன்னொருமுறையும் செய்தேன்.

உள்ளே போனபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றைக்குப் பிறகு குளிசை கேட்கவில்லை, கத்தவும் இல்லை. சீலைத் தலைப்பைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தாள். திருந்திவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன். அப்போது பிறந்த பேத்தி இப்போது கம்பசில் படிக்கிறாள். இத்தனை காலத்தில் என் மகள் ஒருநாளும் என் முன்னால் "நோகுது" என்று சொன்னதில்லை. பல்லுக் கொதித்தபோதும் சொல்லவில்லை. கல் வயிற்றில் கிடந்து குத்தியதையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

கல் விசயம் வருவதற்கு முந்தின வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். நல்லெண்ணெய் பூசிக் கட்டிக்கொண்டு சமைத்தேன், உடுப்பும் தோய்த்தேன். மூன்றாம் நாள் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியதைக் கண்டு மகள்தான் யாழ்ப்பாணம் கொண்டு போனாள். எலும்பு இரண்டாக விலகிக் கிடந்ததாம். பெண் டாக்குத்தர் ஒருவர், வயது குறைந்தவர், ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு நோகுது அம்மா என்று கேட்டார்.

"ஒரு ரெண்டு இருக்கும்."

அவர் எக்ஸ்றே படத்தை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தார். "இப்பிடி உடைஞ்ச கைக்குச் சனம் எட்டு, ஒன்பது எண்டுதான் சொல்லும்."

எனக்குப் பழைய குளிர் ஏறியது. "நான் தாங்குவன் பிள்ளை. நாங்கள் வளர்ந்த வளர்ப்பு அப்பிடி."

அவர் சிரித்தார், ஆனால் என்னை மெச்சவில்லை. "வளர்ப்பும் கொஞ்சம் இருக்கும் அம்மா. ஆனா மூளைக்குள்ள நோவைக் குறைக்கிற மருந்து ஒண்டு தன்பாட்டில சுரக்குது. அது சிலருக்குக் கூட வேலை செய்யும், சிலருக்குக் குறைய. ஒரே காயம்தான், ஒருத்தருக்கு ரெண்டு, இன்னொருத்தருக்கு ஒன்பது. ஒன்பது எண்டு சொல்லுறவ பொய் சொல்லேல்லை. அவவுக்கு அது ஒன்பதுதான்."

என் மகள் கட்டில் காலடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்றாள். டாக்குத்தர் போன பிறகு மூடியைத் திறந்து சோற்றைக் குழைத்தாள். நான் காலமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது என் திடத்தால் அல்ல, என் தலைக்குள் சும்மா ஊறிய ஒன்றால். அது ஊறாத பிள்ளையிடம் நான் மருந்தைப் பறித்துப் பூட்டியிருக்கிறேன்.

கைக்குத் தகடு வைத்து வார்ட்டில் மறித்துவிட்டார்கள். அங்கேதான் என் வெட்கம் முழுதாக வந்தது. எனக்கு வெற்றிலையோடு புகையிலை வேண்டும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அது மடியில் இல்லாமல் நான் இருந்ததில்லை. வார்ட்டில் அதற்கு இடமில்லை என்றார்கள். முதல் நாள் சமாளித்தேன். அடுத்த நாள் உடம்பு பதறியது, வாய் ஊறியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. கூட்டுகிற பெண்ணின் கையைப் பிடித்து, ஒரு துண்டு, நகத்தளவு தந்தால் போதும் என்று கெஞ்சினேன். பக்கத்துக் கட்டில்காரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த எலும்புக்கு வாய் திறக்காதவள் ஒரு துண்டுப் புகையிலைக்கு அழுது குழறினேன்.

டாக்குத்தர் வந்து, இதுவும் மூளைதான் அம்மா என்றார். புகையிலை உள்ளுக்குப் போனவுடன் மூளையில் ஒரு சந்தோசம் எழும்பும். சிலருக்கு அது சும்மா வந்து போகும். சிலரை இறுக்கிப் பிடித்துவிடும். உங்களைப் பிடித்திருக்கிறது என்றார். என் மகள் கலியாண வீட்டில் ஒருமுறை புகையிலையை வாயில் போட்டுத் துப்பியவள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்த நினைப்பே வந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் குளிசை பழகிவிடும் என்று நான் பயந்தேன்.

அவள் கட்டிலில் வந்து இருந்தாள். நான் அழுதுகொண்டே கேட்டேன், "றோட்டுக் கடையில ஒரு துண்டு புகையிலை வாங்கிக்கொண்டு வாவன் பிள்ளை."

"அது ஏலாது அம்மா. காயம் ஆறாதாம்." என் நல்ல கையைப் பிடித்தாள். "கத்த வேணும் போல இருந்தாக் கத்துங்கோ. நான் ஒருத்தருக்கும் செய்து காட்ட மாட்டன்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள். அதனால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் தலை நிமிர்த்த ஏலாமல் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். கேட்காமல் விட்டுவிட்டேன்.

கல் எடுத்துச் சுருவிலுக்கு வந்த மூன்றாம் நாள், சரக்குக்கறி வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து வளவுக்காரியும் பார்க்க வேண்டும் என்று கூட வந்தாள். மகள் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் ஒரு செம்பு தண்ணீர், குளிசை உறை. அவளுடைய கை எட்டுகிற தூரம். மச்சாள்காரி அதைத் தொடுவதே இல்லை.

"வாங்கோ மாமி, இருங்கோ" என்று எங்களை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். பக்கத்து வளவுக்காரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் தொடையில் தட்டினாள்.

"என்ன அக்கா, இந்தமுறை சத்தத்தைக் காணேல்லை? முந்தி ஒருக்காச் செய்து காட்டினியளே, இப்பவும் நினைச்சாச் சிரிப்பு வரும். உங்கட மாமி அவள் கத்தினதை எப்பிடிச் செய்து காட்டுவா தெரியுமோ?" என்று மச்சாள்காரியிடம் திரும்பினாள்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அறைக்கதவு திறந்தே இருந்தது.

"அவளுக்கு நோகுது" என்றேன். "எனக்கு ரெண்டெண்டால் அவளுக்கு ஒன்பது. அது அவளின்ர பிழை இல்லை. அண்டைக்கு நான் குளிசையை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, அவள் கத்தினதை உங்களுக்குச் செய்து காட்டினனான். நீங்கள் சிரிச்சியள். சிரிக்க வைச்சது நான்."

மச்சாள்காரி கோப்பையைக் கீழே வைத்தாள். மற்றவள், "சும்மா பகிடிக்குத்தானே அக்கா..." என்று தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினாள்.

நெடுநேரத்துக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து, "அம்மா, செம்பை எடுத்துத் தாங்கோ" என்று கேட்டது.

போய்க் கொடுத்தேன். குளிசையை அவளே உறையிலிருந்து எடுத்து விழுங்கினாள். நான் உறையைத் தொடவில்லை. அவள் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். காயம் இழுத்திருக்க வேண்டும்.

"அம்மோய்" என்று பெரிதாகக் கத்தினாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "நோகுதம்மா."

"ஓம் பிள்ளை" என்றேன்.

யன்னல் திறந்திருந்தது. றோட்டால் யாரோ கதைத்துக்கொண்டு போனார்கள். நான் எழும்பவில்லை.