நன்றி சொல்லப் பழகிய புகார் அக்கா

“தண்ணி வந்துடுச்சாம். சொல்லத்தான் கூப்பிட்டேன். ரொம்ப தேங்க்ஸ்” என்று சொல்லி, மறுமுனை வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிடுகிறார் புகார் அக்கா. வெட்கம். முதல் முறை இப்படிக் கூப்பிட்டபோது குழாய் சரிசெய்யும் ஃபிட்டர் பதறியடித்துக்கொண்டு நேரிலேயே வந்து நின்றார். “என்ன தப்பு பண்ணிட்டேன்க்கா? திட்டுறதுன்னா நேராத் திட்டிடுங்க.”

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குவது அக்காவின் வேலை. பத்தொன்பது வருடம். தண்ணீர் வரவில்லை என்பார்கள். வருகிறது, கலங்கலாக வருகிறது என்பார்கள். நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்கு இன்னும் நன்றாக வருகிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் “சொல்லுங்க”. ஒருநாள் கணவர் கூப்பிட்டதற்கு, “எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டார்.

போன வருடம் உடம்பு மக்கர் செய்தது. தூக்கம் போயிற்று. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஒரு மதியம் எதிரே இருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து, மேசையிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டரம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், பிறகு கேட்டார்.

“நாள் பூரா குறை கேக்குறீங்க. வீட்டுக்குப் போனா என்ன பேசுவீங்க?”

“குறைதான்.”

“தினம் மூணு நல்லது எழுதுங்க. யாரால நடந்ததுன்னும் எழுதுங்க. மாத்திரையை விட்டுடாதீங்க, இதையும் சேத்துக்கோங்க.”

“மூணுக்கு நான் எங்க போவேன் டாக்டர்?”

ஆனாலும் எழுதினார். மிச்சமாகிப்போன ஒரு பழைய புகார்ப் பதிவேட்டில், சாயங்காலம் வீடு திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல். முதல் நாள்: பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாத்திரை கசக்கவில்லை. மதியம் வரை யாரும் திட்டவில்லை. கணவர் தன் பெயர் வருகிறதா என்று தினமும் எட்டிப் பார்த்தார். பதினோராம் நாள் வந்தது: “சமையலறை விளக்கை மாற்றினார். கேட்டு நான்கு மாதம்.” மனிதர் அன்றைக்கு வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ‘யாரால்’ என்ற கட்டத்தில் ஃபிட்டரின் பெயர் அடிக்கடி விழவும்தான், எழுதினால் மட்டும் போதுமா, சொல்ல வேண்டாமா என்று தோன்றி அந்த போன் பழக்கம் வந்தது.

இரண்டு மாதத்தில் தாடை வலி விட்டது. படுத்தால் தூங்க முடிந்தது. “கோபம் போயிடுச்சான்னா, எங்க போகும்? முன்ன என் கட்டில்லயே படுத்திருந்துச்சு. இப்ப வாசல்ல நிக்குது” என்பார் அக்கா.

ஒரு சாயங்காலம் வேறு எதுவும் தோன்றாமல், “அம்மா கடைசிவரை புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள்” என்று எழுதினார். இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவள். யாரால்? பேனா நின்றுவிட்டது. அண்ணியால்தான். அந்த அண்ணியைத்தான், அம்மா இறந்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நடுவில், “நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க” என்று சொல்லியிருந்தார் அக்கா. ஐந்து வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தக் கட்டம் மூன்று நாள் வெறுமையாகக் கிடந்தது. தூக்கம் மறுபடி காணாமல் போனது. நான்காம் நாள் விடுமுறை. காலையிலேயே கிளம்பிவிட்டார்.

அண்ணி மொட்டைமாடியில் துவைத்துக்கொண்டிருந்தார். “வாங்க” என்றார். முன்பெல்லாம் ‘வாடி’ என்று கூப்பிட்டவர். பஸ்ஸில் வழிநெடுக ஒத்திகை பார்த்துவந்த பேச்சு அக்காவுக்கு மறந்தே போயிற்று.

“அண்ணி, அம்மா முதுகுல ஒரு புண்ணுகூட வரலை.”

“ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வச்சா எப்படி வரும்?”

“ராத்திரியுமா?”

“ராத்திரின்னா முதுகுக்கு லீவா?”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தெரியாது அண்ணி. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க பாத்த மாதிரி நான் பாத்திருக்க மாட்டேன்.”

அண்ணி வாளியில் ஊறிக்கொண்டிருந்த பெரிய போர்வையைத் தூக்கினார். ஒரு பக்கத்தைப் பிழிந்தார். மணிக்கட்டு வலித்ததோ என்னவோ, நிறுத்தி உதறிக்கொண்டார். பிறகு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே, மறுமுனையை நீட்டினார்.

“ம், இறுக்கிப் பிடிடி.”

அக்கா கைப்பையைத் தரையில் போட்டுவிட்டு, இரு கைகளாலும் பிடித்து முறுக்கினார்.