நேர்ந்துவிட்ட சைக்கிள்

என் நாத்தனார் அன்புச்செல்விக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை, மாமியாரைக் கண்டால் பயமில்லை. புருஷன் மாறனை ஒரு முறை முறைத்தாள் என்றால், அவன் பேசாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விடுவான். அப்பேர்ப்பட்டவளை ஒரு சைக்கிள் மாதக்கணக்கில் தூங்கவிடாமல் அடித்தது. அவள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிற பாவத்துக்கு என் தூக்கமும் சேர்ந்து போனது.

அன்பு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமையல் வேலை பார்க்கிறாள். அப்பாசாமி என்பவர் அதன் ஓனர். அங்கே வருஷா வருஷம் கார்த்திகைக்கு வந்து, பங்குனி வெயில் ஏறினதும் ஊருக்குப் போகிற வெள்ளைக்கார அம்மா ஒருத்தி உண்டு. ஹன்னா என்று பெயர். எங்கள் வாயில் அது அன்னம்மா ஆகிவிட்டது. அந்த அன்னம்மாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கருநீலக் கலர், தடித்தடியாய் டயர், மட்கார்டு கிடையாது, ஏகப்பட்ட கியர், தோல் சீட். டீக்கடை வாசலில் நிறுத்தினால் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

வழக்கமாக அதை கெஸ்ட் ஹவுஸ் ஷெட்டில் பூட்டிவிட்டுப் போவாள். இந்த வருஷம் மாடி கட்டுவதற்காக ஷெட்டை இடித்துவிட்டார்கள். "சைக்கிளுக்கெல்லாம் நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது மேடம்" என்று அப்பாசாமி கையை விரித்துவிட்டார். உடனே அன்னம்மா சாவியை அன்பு கையில் கொடுத்து, நான் திரும்பி வருகிறவரை நீ ஓட்டு, வந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்று தன் அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை ஓட்டினதுக்குப் பிறகு அன்பு பெடலில் கால் வைத்ததே இல்லை. கல்யாணம், குழந்தை, அடுப்பு என்று வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். மகள் கவிநிலா பின்னாலேயே ஓடினாள். முகமெல்லாம் பல்லாக வந்து இறங்கினவள், சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது காணாமப் போயிடுச்சுன்னா?"

"போனா போலீஸ்ல சொல்லிக்கலாம். இப்பவே இன்னாடி?"

"யாரு நம்புவாங்க? நான் வித்துட்டேன்னுதான சொல்வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை. எதிர்வரிசை கெஸ்ட் ஹவுசில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வள்ளிக்கு நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தங்கியிருந்தவர் ஒருத்தருடைய போன் காணோம் என்றதும், எல்லோரும் பார்க்க அவள் பையைக் கொட்டி, "வித்துட்டியா?" என்று கேட்டார்கள். பையில் ஒன்றும் இல்லை. திருடி என்று யாரும் அடித்துச் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த ரோட்டில் ஒரு வீட்டிலும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. எங்களுக்கு வேலை கொடுப்பது வாய்ச்சொல்தான், கெடுப்பதும் அதுதான். அன்புவின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் பாதி அடுப்பு எரிகிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சைக்கிளைப் படுக்கிற அறைக்குள் கொண்டுவந்து கட்டில் காலில் சங்கிலி போட்டாள். மாறன் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் பெடலில் இடித்துக்கொண்டு கத்துவான். ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்றைச் சக்கரத்தில் கட்டினாள். பூனை போனாலும் அது சிணுங்கும், இவள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்காருவாள். பளபளப்பு தெரியக்கூடாது என்று பழைய புடவையைக் கிழித்து ஹேண்டில் முழுக்கச் சுற்றினாள். வேலைக்குப் போனாலும் ஒரு கண் தோசைக்கல்லில், ஒரு கண் ஜன்னலில். அவள் கருக்கின தோசையைப் பார்த்து அப்பாசாமியே, "இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாராம்.

வீட்டிலேயே வைத்துவிட்டு நடந்து போயேன் என்றேன். பூட்டின வீட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் கியர் சைக்கிள் ஒன்று காணாமல் போனது. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் குட்டியானை லோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான் என்று பேச்சு. அதைக் கேட்ட நாளிலிருந்து தெருவில் குட்டியானைச் சத்தம் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள்.

சித்ரா பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு எத்தனை லட்சம் ஜனம் வரும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெரு வாசற்படியில் எல்லாம் வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், யார் எவர் என்று ஒன்றும் புரியாது. அன்றைக்குக் கெஸ்ட் ஹவுசில் வேலை ஜாஸ்தி, அன்பு விடியற்காலையிலேயே போயாக வேண்டும். மாறனுக்கும் அன்றுதான் சவாரி. காலையில் நான் கோலம் போட வாசலுக்கு வந்தால், அவள் வீட்டு முன்னால் சைக்கிள் நிற்கிறது. ஹேண்டிலில் மஞ்சள் துணி முடிச்சு, வேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம். சீட்டிலும் பாரிலும் குங்குமப் பொட்டு. பூட்டுகூட இல்லை!

"இன்னாடி வேலை இது?"

"கேக்கிறவங்ககிட்ட மாரியம்மனுக்கு நேர்ந்து விட்டதுன்னு சொல்லிடுங்க அண்ணி. உள்ள வெச்சுப் பூட்டுனாதான் ஒடைக்கத் தோணும், இதுல எவனும் கை வெக்க மாட்டான்."

நேர்ந்துவிட்ட கிடா எவன் கொல்லையில் மேய்ந்தாலும் எங்கள் பக்கம் யாரும் அதன்மேல் கல்லை எறிய மாட்டார்கள். அது சாமி சொத்து. அந்தத் தைரியத்தில் செய்திருக்கிறாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. அத்தனை கூட்டத்தில் ஒருத்தன் அதைத் தொடவில்லை. இரண்டு அம்மாக்கள் அதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்கள்! அன்பு சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

அந்தத் தூக்கம் ஆனி மாதம் வரைக்கும்தான். தெருக்கோடியில் இருக்கிற மாரியம்மன் கோயில் பூசாரி இருசப்பன் காதுக்குச் செய்தி போகாமல் இருக்குமா? ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, சைக்கிளு நேர்ந்துக்கினியாமே? ஆடியில கூழ் ஊத்தற அன்னிக்கு கொண்டாந்து வுட்டுடு. ஏலத்துல வுட்டா கோயிலுக்கு ஆவும்."

இவள் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். வேறு என்ன சொல்வாள்? ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நானும் சும்மா இருந்தேன். அந்த வாரமே கவிநிலாவுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் முகத்திலும் முதுகிலும் கொப்புளம் கொப்புளமாய் அம்மை.

அன்பு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகினதும், தாளிப்பை நிறுத்தினதும், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரை வாங்கி வந்ததும் எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறது, அவர்கள் எல்லாம் சைக்கிளா நேர்ந்துகொண்டார்கள் என்று கத்தினேன். அவள் காதில் ஏறவில்லை.

"ஆத்தா கேக்க வந்துட்டா அண்ணி. பொய் சொன்னேன் இல்ல? பொருளு எங்கன்னு கேக்க வந்துட்டா."

"வாயக் கழுவுடி! புள்ளைக்குச் சரியாயிடும்."

"சைக்கிளக் குடுத்துட்டா அன்னம்மாவுக்கு நான் திருடி. குடுக்கலன்னா எம் புள்ளைய..." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பிள்ளை கண் மூடினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். சைக்கிள் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டாள். அன்னம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடு என்றால், என்னவென்று சொல்வது, உன் சைக்கிளைச் சாமி கேட்கிறது என்றா என்பாள்.

கவிநிலாவுக்கு இறங்கியது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினதும், பிள்ளை எழுந்து பழையபடி சண்டை பிடிக்க ஆரம்பித்தாள். நான் அப்பாடா என்று இருந்தேன். அன்புவுக்கு மட்டும் பயம் தெளியவில்லை. ஏமாற்றினால் மறுபடி வருவாள், அப்போது சொல்லிக்கொண்டு வரமாட்டாள் என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

கூழ் ஊற்றுகிற வெள்ளிக்கிழமை, மஞ்சள் புடவை கட்டி, மஞ்சள் துணி கட்டின சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நானும் கூடவே ஓடினேன். கொடுத்தே விடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கூழ்ப் பானைகளோடு தெருப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். இருசப்பன் இவளைப் பார்த்ததும் மைக்கிலேயே, "சைக்கிளு வருது, வழி வுடுங்க" என்றார்.

அன்பு சன்னதிக்கு நேராக ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். குரல் கணீரென்று வந்தது.

"தாயி, நான் பொய் சொன்னேன். இது என்னுது இல்ல. எங்கிட்ட நம்பி வுட்டுட்டுப் போனவங்களுது. திருடனுக்குப் பயந்துக்கினு உம் பேரச் சொல்லிட்டேன். அடுத்தவங்க பொருள எடுத்து உனக்குக் குடுக்க என்னால ஆவாது. என்னுது எது வேணுமோ எடுத்துக்கோ. புள்ளைய மட்டும் வுட்டுடு."

ஒருத்தி, சாமிகிட்டயே பொய்யா என்றாள். இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இருசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஏலம் கைவிட்டுப் போன கோபம் வேறு இருக்கும். மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"அடுத்தவங்க பொருள ஆத்தா வாங்க மாட்டா. சொன்ன வாய்க்கு உன்னுதுல எதனா குடுத்துத்தான் ஆவணும். பூமுடி குடு, போதும்."

பூமுடி என்றால் மூன்று விரல் அளவு முடி, கத்திரித்தால் தெரியக்கூடத் தெரியாது. கல்யாணமானவர்களுக்கு அதுதான் வழக்கம். அன்பு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"வேணாங்க. முழுசா எடுத்துடுங்க."

நான் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். பிள்ளைகளுக்கு மொட்டை போட வந்திருந்தவர் முன்னால் போய் உட்கார்ந்து குனிந்துகொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அவளுக்கு. எங்கள் வம்சத்திலேயே அப்படி ஒரு முடி கிடையாது. அது கொத்துக் கொத்தாய் விழுந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மஞ்சள் துணியை அவிழ்த்தாள். "அது பாட்டுக்கு இருக்கட்டுமேடி, காவலாவது ஆவும்" என்றேன். "மறுபடியும் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று சீறினாள். பழைய சங்கிலியும் பூட்டும் திரும்பி வந்தன. திருட்டுப் பயமும் திரும்பி வந்தது. இப்போது தெருவுக்கே தெரியும், அது வெறும் சைக்கிள் என்று.

புரட்டாசியில் ஒரு நாள் காலை. அவள் மார்க்கெட்டுக்குப் போய்க் கம்பத்தில் சங்கிலி போட்டுவிட்டுக் காய் வாங்கப் போயிருக்கிறாள். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நடந்து வந்தாள். ஒரு கையில் காய்ப் பை, இன்னொரு கையில் அறுந்த சங்கிலி.

"அண்ணி, போச்சு."

எனக்கு வள்ளி ஞாபகம்தான் வந்தது. அன்னம்மா வர இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. மாறன் வரட்டும் என்றேன், முதலில் ஓனரிடம் போகணும் என்றாள். வழி முழுக்க என் கையை விடவே இல்லை. அவள் கை ஈரத்தில் என் கையும் நனைந்துவிட்டது.

அப்பாசாமி கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்பு அறுந்த சங்கிலியை நீட்டினாள். அவர் சங்கிலியைப் பார்த்தார். குச்சி குச்சியாய் முடி முளைத்திருந்த அவள் தலையைப் பார்த்தார்.

"எங்க போச்சு?"

"மார்க்கெட்டுலங்க."

"பாவிப் பசங்க!" என்று எழுந்தார். போனை எடுத்து அன்னம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். உங்கள் சைக்கிளை மார்க்கெட்டில் எவனோ திருடிவிட்டான், அன்பு கண்ணைப்போல் பார்த்துக்கொண்டாள், நான் சாட்சி என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஷனுக்கு நானும் வரேன், கம்ப்ளைண்ட் குடுத்துடலாம். அதுக்குள்ள நீ உள்ள போயி ஒரு டீ போட்டுக் குடி. மூஞ்சியே செத்துப் போச்சு."

சட்டை மாற்ற அவர் உள்ளே போனார். அன்பு கேட் ஓரமாகவே சரிந்து உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். பிள்ளைக்கு அம்மை போட்டபோதும், முடியை எடுத்தபோதும் இப்படி அழாதவள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

"எல்லாம் அவரு பாத்துக்கறேன்றாரு. சைக்கிளுக்கா இந்த அழுவ?"

"சைக்கிளுக்கு இல்ல அண்ணி" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. "வித்துட்டியான்னு அவரு கேக்கவே இல்ல."