பதினொன்றாம் திரையில் நெல்

செம்மொழிக்கு நாற்கரச் சாலையின் கண்ட்ரோல் ரூமில் வேலை. தஞ்சாவூர்ப் பக்கம் எந்த வண்டி எங்கே போகிறது என்று பதினாறு திரைகளில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா ராசம்மாள் முப்பது வருஷம் ஊரார் வயலில் குனிந்து நாற்று நட்டவள். இந்த வருஷம்தான் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாகக் குறுவை போட்டிருந்தாள். மகள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவதில் அந்த அம்மாவுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அறுப்பு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மறுத்துவிட்டார்கள். "நம்மூருகிட்ட புதுசாப் போட்ட இடது பக்க ரோட்ட திங்கக்கிழமைதான் தொறக்கிறாங்க. அங்க கொட்டிக் காய வைங்க" என்று யோசனை சொன்னவள் செம்மொழியேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா பாருங்கள்!

சனிக்கிழமை மத்தியானம் வலது பாதையில் வைக்கோல் லாரி ஒன்று கவிழ்ந்தது. இன்ஜினியர் தியாகராசன் வாக்கிடாக்கியில் உத்தரவு போட்டார்.

"தடுப்ப எடுங்க. எல்லா வண்டியையும் இடது பக்கம் விடுங்க."

செம்மொழி சட்டென்று திரைகளின் பக்கம் திரும்பினாள். பதினொன்றாம் திரையில் அம்மா, வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டியபடி, காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முக்காடு வேறு. அண்ணன் மருதையன் கோணியை விரித்து நடுரோட்டில் படுத்துத் தூங்குகிறான், மகாராஜா! அவன் ஃபோனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். ரோந்து வண்டி புகழேந்தியைக் கூப்பிட்டால், அவர் எட்டு கிலோமீட்டர் தள்ளி லாரிப் பக்கம் நிற்கிறார்.

பத்தாம் திரையில் முதல் பஸ் வந்துவிட்டது. காலிச் சாலை கிடைத்த குஷியில் பறந்து வருகிறான் பாவி. "அம்மா, திரும்பிப் பாரும்மா" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். திரைக்குக் காது ஏது?

சாலைக்கு மேலே மின்பலகையில் பச்சை அம்பு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜினியரைக் கேட்க நேரமில்லை. கேட்காமல் இங்கிருந்து அதை மாற்றினால் அன்றோடு வேலை போச்சு. அது அவளுக்குத் தெரியும். இருந்தும் மாற்றினாள். பலகையில் சிவப்புக் குறுக்குக்கோடு எரிந்தது. பஸ் குலுங்கி நின்றது. பின்னாலேயே இன்னொரு பஸ், கார், டேங்கர் என்று வரிசை கட்டின.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தியாகராசன் பதினொன்றாம் திரையைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு நிறுத்துனீங்க? யாரு அந்தம்மா?"

"எங்கம்மா சார். நான்தான் அங்க காய வைக்கச் சொன்னேன்."

அவர் பதில் சொல்வதற்குள் செம்மொழியின் ஃபோன் அடித்தது. அண்ணன் நம்பர். ஹாரன் சத்தத்தில் மருதையன் எழுந்துவிட்டான் போலும். ஆனால் பேசியது அம்மா. இன்ஜினியருக்கும் கேட்கும் அளவுக்குச் சந்தோஷமான குரல்.

"கண்ணு, நமக்காக எம்மாம் பெரிய பஸ்ஸையெல்லாம் நிறுத்தி வச்சிருக்க! இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வையி. காஞ்சிரும்."