மூன்றாம் ஓலை

எங்கள் தாம்பரம் பக்கத்தில் வாயிலிருந்து ரத்தம் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: டி.பி. காசநோய் ஆஸ்பத்திரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்த ஊர் அது. மின்சார ரயில் அந்த ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் நின்றால் என் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். வண்டி கிளம்பிய பிறகுதான் மூச்சு விடுவாள்.

அந்த அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு முடிந்திருந்தது. மூன்றாவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, கிணற்றடியில் அம்மா வாந்தி எடுத்தாள். முதலில் காப்பித்தூளைக் கரைத்தது மாதிரி கறுப்பாக வந்தது, பிறகு சிவப்பாகவே வந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முதலில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி அதை மூடினார். அப்புறம்தான் அம்மாவைத் தூக்கினார்.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க" என்றாள் அம்மா.

"போனா எக்ஸ்ரே எடுன்னு அங்கதான் அனுப்புவாரு. எவனாவது பாத்துட்டா மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிடும். ஞாயித்துக்கிழமை ஓலை முடியட்டும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொள்வதில் எங்கள் வீட்டில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மாதக்கணக்கில் வயிறு எரிகிறது என்றவளுக்கு, மோரைக் குடி என்பதுதான் நாங்கள் பார்த்த வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை அவளே அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள், கறை பட்டாலும் தெரியாதாம். கோயில் வாசலில் ஒருத்தி, "ஏன் இப்படி வெளுத்துப்போயிட்டீங்க?" என்று கேட்க, "கல்யாண வேலைதான்" என்று அத்தை முந்திக்கொண்டாள்.

ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்த அம்மா, எல்லோர் கண் முன்னாலும் படியிலேயே ரத்தமாகக் கக்கிச் சாய்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நாலடி பின்னால் நகர்ந்தார்கள்.

டாக்சி பிடித்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஐஸ் தண்ணீரால் வயிற்றைக் கழுவினார்கள். கையில் ரத்தம் ஏற்றினார்கள். எப்போதிலிருந்து வாந்தி என்று டாக்டர் கேட்டதற்கு, "இப்பதான் சார், கோயில்ல" என்றார் அப்பா. டாக்டர் அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து வராந்தாவுக்கு வந்தார். "டி.பி. எல்லாம் இல்ல சார். வயித்துல புண்ணு, ரத்தக்குழாய அரிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணணும், ஆனா தாங்குற நிலைமையில அவங்க இல்ல."

அப்பாவின் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, டி.பி. இல்லையாம்" என்று அத்தையின் தலையில் கை வைத்தார். அத்தை அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் அப்படிச் சந்தோஷப்பட்டதைப் பார்த்து, அம்மா பிழைத்துவிட்டாள் என்று நானும் குதித்தேன்.

சற்று நேரத்தில் நர்ஸ் ஒருவர் வந்து, "அப்பா எங்கேம்மா?" என்று என்னிடம் கேட்டார். அவர் குரல் ஏன் அவ்வளவு தணிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல சேதி சொல்லப் போயிருக்காரு" என்று பெருமையாகச் சொன்னேன்.